காகிதத்தில் இல்லாத வியாதி

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் பேனாதான் ஞாபகம் வருகிறது. மூடி தொலைந்துபோன நீலப் பேனா. சட்டைப் பையின் அடியில் மை ஊறிய வட்டம் எப்போதும் இருக்கும். அந்தப் பேனா எனக்காக எழுதியவை இரண்டே சொற்கள். கம்பெனியில் இருந்தவரை ‘நார்மல்’. ரிட்டயர் ஆன பிறகு ‘இல்லை’. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு முப்பது வருடம் என்னை ஏய்த்தார். அப்படிச் சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. முதல் பாதியில் நானும் கூட்டு.

பெயர் எழுத மாட்டேன். மரியாதைக்காக மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னால் வாய் கசக்கிறது, அவ்வளவுதான். ‘அவன்’ என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி, “வயசுல பெரியவரு, அவன் இவன்னு எயுதாத” என்றாள். அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் உட்கார வைத்த ஆளுக்கு அவளே கொடுக்கும் மரியாதை. அவள் சொன்னதால் ‘அவர்’.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த எங்கள் கம்பெனியில் அவர் முதலுதவி அறைக் கம்பவுண்டர். நான் ஃபோர்ஜ் ஷாப். பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டி மெஷினில் கொடுத்து அடிக்கும் இடம். எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வெளியே வந்தால் ரோட்டில் போகும் கண்டெய்னர் லாரி ஓசையில்லாமல் போவதாகத் தெரியும். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி என்று எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் கம்பவுண்டர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். தோளில் ஒரு தட்டு தட்டுவார். “ஒண்ணியும் இல்ல மாமு. காயிதத்துல இல்லாத வியாதி ஒடம்புலயும் இல்ல. போய் வேலயப் பாரு.”

அந்த வாசகத்தை நாங்கள் வேதமாகவே எடுத்துக்கொண்டோம். காரணம், வருடத்துக்கு ஒருமுறை வரும் மெடிக்கல். வெளியிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாரையும் சோதிப்பார். அவர் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டால் முதலில் லேசான வேலை, அப்புறம் கேட் பக்கம் ஒரு ஸ்டூல், அப்புறம் வீடு. ஆகவே நோய் இருப்பதைவிட, இருப்பது தெரிவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். மெடிக்கல் வாரத்தில் கம்பவுண்டர்தான் எங்கள் குலதெய்வம். பி.பி. உள்ளவனை முன்கூட்டியே வரவழைத்து அரைமணி நேரம் கட்டிலில் படுக்க வைத்து, மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுப்பார். சர்க்கரை உள்ளவனுக்கு வேறு ஏற்பாடு. கேண்டீன் மாஸ்டருக்குச் சர்க்கரை கிடையாது. அந்த வாரம் முழுக்க அவர் தண்ணீர் குடித்தே வயிறு உப்பிப்போவார். ஏழெட்டு பேருடைய பாட்டிலில் இருந்தது அவர் ஒருவருடைய சிறுநீர். எல்லாருக்கும் நார்மல்.

எனக்குக் காது. இடது காது மந்தமாகி, பிறகு சுத்தமாகப் போய்விட்டது. காது சோதிக்க ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் வெளியே மெஷினில் சத்தம் கொடுப்பார். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இடது பக்கம் சத்தம் கொடுத்தால் எனக்கு ஒன்றும் கேட்காது. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் கம்பவுண்டர் நின்றிருப்பார். டாக்டரின் விரல் மெஷினில் படும்போதெல்லாம் அந்த நீலப் பேனாவை லேசாக மேலே தூக்குவார். பேனா தூக்கினால் அமுக்கு. அவ்வளவுதான் சோதனை. பதினொரு வருடம் நான் காதால் கேட்கவில்லை, பேனாவால் கேட்டேன். டாக்டர் சொல்வதை ரெஜிஸ்டரில் எழுதுவதும் அதே பேனாதான். பதினொரு வருடமும் நார்மல்.

இதற்கு அவர் காசு வாங்க மாட்டார். அதுதான் மோசம். ஐம்பதோ நூறோ வாங்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவருக்கு வேண்டியது வேறு. கல்யாணப் பத்திரிகை முதலில் அவருக்குப் போக வேண்டும். காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் கிடைத்தால் ஒரு துண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். “கம்பவுண்டர் இல்லன்னா நம்ம வூட்டு அடுப்பு எரியாது” என்று நாலு பேர் நடுவில் யாராவது சொல்ல வேண்டும். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். எனக்கு அந்த ஆட்டல் அப்போதே பிடிக்காது. பிடிக்காமலேயே வஞ்சிரம் வாங்கிக்கொடுத்தேன். காது போனதற்கு முறைப்படி நஷ்டஈடு கேட்டிருக்கலாம் என்று ரிட்டயர் ஆன பிறகுதான் ஒரு யூனியன்காரர் சொன்னார். எதைக் காட்டிக் கேட்பது? பதினொரு நார்மலையா?

பெயிண்ட் ஷாப்பில் ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். மூன்று வருடம் நார்மல். நாலாவது வருடம் மெடிக்கலுக்கு வர ஆள் இல்லை, நுரையீரல் முடிந்துபோயிருந்தது. சாவு வீட்டில் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியவர் கம்பவுண்டர்தான். தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும், ஒரு கெட்ட வார்த்தையில் இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். நடிப்பில்லை. மறுவாரம் அதே பேனாவால் அதே ஷாப்பில் இன்னொருவனுக்கு நார்மல் எழுதினார்.

எனக்கு மூன்று வருடம் முன்னால் ரிட்டயர் ஆனார். கொஞ்ச நாளில் தோளில் ஒரு தோல் பை வந்தது. பைக்குள் காலண்டர், ஃபாரங்கள். மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். எங்கள் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவரும் ரிட்டயர் ஆகும் நாள் அவருக்கு அத்துப்படி. எவனுக்கு என்ன நோய் என்பதும் அத்துப்படி. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு, நான் ரிட்டயர் ஆன முதல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்.

மேஜைமேல் ஒரு மனு இருந்தது. வேலையில் இருந்தபோது எங்களுக்குத் தொழிலாளர் ஆஸ்பத்திரி அட்டை உண்டு. ரிட்டயர் ஆனவனும் மனைவியும் வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் அதைத் தொடரலாம். அதற்கான மனு. நான் பாதி நிரப்பி வைத்திருந்தேன். அதை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார்.

“இன்னா மாமு, இன்னும் அங்க போய் க்யூல நிக்கப் போறியா? சர்வீஸ் முட்ச்சிட்ட. மெய்யாலுமே ராஜா மாதிரி ஏசி ரூம்ல படுக்க வாணாமா?”

“படுக்காமயே இருந்தா தேவலண்ணே” என்றேன்.

“படுப்ப. எல்லாரும் படுப்பான். அப்ப இந்த கார்டக் காட்டு, கையில இருந்து ஒத்தப் பைசா எடுக்காத வெளிய வருவ.”

பேனாவை எடுத்தார். நாலு பக்க ஃபாரம், முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு நோய்க்கும் நேராக ஒரு கட்டம். பி.பி., இல்லை. இதயம், இல்லை. காது மூக்கு தொண்டை, இல்லை. அதை எழுதும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தவள் நின்று கேட்டாள்.

“ண்ணா, எனுக்கு சக்கர கீதே. ஆறு வருசமா மாத்ர போடறேன். அத்த எயுதினீங்களா?”

“தங்கச்சி, நீ கம்முனு இரு. சக்கரன்னு எயுதினா ப்ரீமியம் ஏறும். டெஸ்ட்டுக்கு கூப்டுவான். மூணு வருசம் காத்துகினு இருன்னுவான். இன்னாத்துக்கு பேஜாரு? காயிதத்துல இல்லாத வியாதி ஒடம்புலயும் இல்ல.”

“நாளிக்கு டாக்டர் கேட்டா?”

“கேட்டா இல்லன்னு சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபாரத்தைப் பார்த்தேன். அவர் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவளையும் போடச் சொன்னேன். ஒரு வரி படிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். கம்பவுண்டர் எழுதியதைப் படித்துப் பார்ப்பது என்றால், அவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். நம் வேலையைக் காப்பாற்றியவரை எப்படிச் சந்தேகப்படுவது? அந்த மனுவை எங்கள் சுவர்க் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார். நான் அதை அப்புறம் எடுக்கவே இல்லை.

மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினேன். நாலாவது வருடம் ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகியிருக்கும். ரயில்வே பாலத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வியர்வை கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது. ஆட்டோ பிடித்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கார்டைக் காட்டினேன். ஏசி ரூம் கிடைத்தது. இதயத்தில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். அட்மிஷனில் ஒரு இளம் டாக்டர் அவளிடம் கேட்டார், “சுகர் இருக்காம்மா?”

என் மனைவிக்கு டாக்டரிடம் பொய் சொல்ல வராது. “கீது டாக்டர். பத்து வருசமா கீது” என்றாள்.

மறுநாள் மாலை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததால் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, மனைவியின் பெயர் பாலிசியிலிருந்து நீக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பையன் நல்லவன். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னான், “சார், உண்மையை எழுதியிருந்தா மூணு வருஷக் காத்திருப்பு போன மாசத்தோட முடிஞ்சிருக்கும். முழுசா குடுத்திருப்பாங்க.” அதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஏசி ரூமிலிருந்து அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

கம்பவுண்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டு. அவரும் நெஞ்சுவலி என்று ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது தெரியும் அவருக்கு, கார்டைக் காட்டிவிட்டு வெளியே தள்ளப்படுவது எப்படி என்று. பஸ் பிடித்துப் போனேன்.

ஏசி ரூமில் படுத்திருந்தார். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள் ஒரு ஃபைலை என் கையில் கொடுத்தாள்.

“மாமா, கேஷ்லெஸ் ஓகேன்னுட்டாங்க. இதுல இன்னும் எங்கனா கையெழுத்து கேக்கறானுங்களான்னு பாத்து சொல்றீங்களா? எனுக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது.”

புரட்டினேன். கடைசியில் அவருடைய ஃபாரத்தின் நகல். அதே நாலு பக்கம், அதே கையெழுத்து. சர்க்கரை, ஆம், எத்தனை வருடம், என்ன மாத்திரை. பி.பி., ஆம். குடலிறக்க ஆபரேஷன், ஆம். ஒரு கண்ணில் புரை, ஆம். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் தொடர்ந்திருந்தார். ஆறேழு ‘ஆம்’ இருந்தது. அந்தக் கை ‘ஆம்’ எழுதும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எழுத்துகூட அழகாக இருந்தது.

மருமகள் டீ வாங்கக் கீழே போனாள். நான் கட்டிலை உலுக்கினேன். கண்ணைத் திறந்தவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“உனுக்கு மட்டும் ஆமாவா?” என்றேன். முப்பது வருடத்தில் அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார். “உண்மைய எயுதிருந்தா நீ வாங்கிருப்பியா மாமு?”

“அத்த எங்கிட்ட கேட்டியா நீ?”

“மொத ஆறு பேருக்கு உண்மையத்தான் எயுதினேன். ப்ரீமியத்தப் பாத்தானுங்க, ஆறு பேரும் ஓடிட்டானுங்க. நம்மாளுங்களுக்கு இல்லன்னு சொன்னாத்தான் புடிக்கும். நீங்க கேட்டத நான் எயுதினேன். அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்.”

ஃபைலைக் கட்டிலில் எறிந்தேன். அடித்திருப்பேன். ஆனால் எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என் மனைவி வீட்டில் தலையணையில் சாய்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். குறைதீர்க்கும் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், நோயைச் சொன்னோம், ஏஜென்ட்தான் எழுதாமல் விட்டார் என்று அவரே எழுதிக்கொடுத்தால் ஒரு வாய்ப்பு உண்டு என்று அந்த மேஜைப் பையன் சொல்லியிருந்தான். கடிதத்தைத் தயாராக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

“உன் தங்கச்சி உன் எதிர்லதான சொல்லிச்சு, சக்கர கீதுன்னு? அத்த மட்டும் ஒத்துக்கோ. உன் காலப் புடிக்கிறேன்.”

நிஜமாகவே பிடித்தேன். போர்வைக்கு மேலாக இரண்டு கையாலும் பிடித்தேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். நிதானமாக, முழுதாகப் படித்தார். அவர் தருவதை நாங்கள் படித்ததில்லை, நாங்கள் தருவதை அவர் படித்தார். பிறகு மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

“போட்டா என் லைசென்ஸ் போவும் மாமு. நா பண்ண எல்லா கேஸையும் தோண்டுவானுங்க. அப்பறம் அவனவன் வூட்லயும் இதே நெலமதான்.”

“என் பொண்டாட்டி செத்துடுவா.”

“ஒண்ணியும் ஆவாது. கெவர்மென்ட் ஆஸ்பத்திரில சோக்கா பண்றான், போ.” பழக்கதோஷத்தில் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினார். ஊசி குத்தியிருந்ததால் தோள்வரை எட்டவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் செய்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முறை வருவதற்கு நாலு மாதம் ஆனது. நாலு மாதமும் அவள் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு நடக்க நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மீதித் தூரம் போவாள். குளிக்கப் போனால் கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வெளியே நின்று, கேட்கும் ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டு, சொம்பு சத்தம் நிற்காமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் என் உயிரும் நிற்கும். அந்த நாலு மாதத்துக்கு அவரை நான் மன்னிக்க மாட்டேன். எந்தக் கோயிலில் வைத்து யார் சொன்னாலும் மாட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் மீஞ்சூர்ப் பக்கம் மகனோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, தெரியாது. விசாரிக்கவில்லை. பழைய ஃபோர்ஜ் ஷாப் ஆட்கள் பார்த்தால் இன்னும், “என்ன இருந்தாலும் கம்பவுண்டர் நமக்கு நல்லது பண்ணவரு” என்கிறார்கள். அவர்களுடைய ஃபாரங்களும் அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் யாரும் இன்னும் படுக்கவில்லை, அவ்வளவுதான். போய்ப் படித்துப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மூன்று பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் என் பாலிசி புதுப்பிக்க வந்தது. அதில் இப்போது நான் மட்டும்தான். ஆபரேஷன் ஆனவளுக்குத் தொழிலாளர் ஆஸ்பத்திரி அட்டையை மறுபடி எழுதி வாங்க அலைந்துகொண்டிருக்கிறேன். முன்னே மறைத்ததை இப்போது சொல்லிவிடலாம், அதற்கென்று ஒரு ஃபாரம் உண்டு, ஆனால் சொன்னால் ப்ரீமியம் ஏறலாம், காத்திருக்கச் சொல்லலாம், பாலிசியையே ரத்து செய்யலாம் என்று கிளை அலுவலகத்தில் சொன்னார்கள். நான் தயங்கினேன். மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். தையல் போட்ட நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பி.பி. இருக்கிறது என்றேன். மாத்திரை பெயர் சொன்னேன். இவ்வளவுதானா உண்மை சொல்வது, ஒன்றும் கஷ்டமில்லையே என்றுகூட நினைத்தேன். அடுத்து அவள் என்ன கேட்டாள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சரியாக விழவில்லை. அவள் வாய் அசைந்தது. பதிலுக்காகப் பேனாவை லேசாக மேலே தூக்கினாள்.

“இல்ல” என்றேன்.

நான் சொல்லவில்லை. கட்டைவிரல் பட்டனை அமுக்குவதுபோல் அதுவாகவே வந்தது. அவள் எழுதக் குனிந்தாள்.

என் மனைவி கண்ணாடியை விரலால் தட்டினாள். “எயுதாதம்மா. காதுல எதுனா கொற கீதான்னுதான கேட்ட? இவருக்கு ஒரு காது சுத்தமா செவுடு. நீ கேட்டதே வெளங்கல, அதான் இல்லன்றாரு.”

“எழுதினா பாலிசி நிக்காமக்கூடப் போகலாம், ஆன்ட்டி. பரவாயில்லயா?”

“பரவால்ல. எயுது.”

அந்தப் பெண் எழுதிவிட்டு, ஃபாரத்தைத் திருப்பி, கையெழுத்துக்காகக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். நான் பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பின்னால் க்யூவில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என் பெயருக்கு நேரே, காது என்ற கட்டத்தில், ‘ஆம்’ என்றிருந்தது.